ஹெச்ஓ மின்சார இஞ்சின் மாடல் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

வாப்-4, வாப்-7, வாக்-7 என்று நம் மின்சார இஞ்சின்களை 1:87 அளவில், அதாவது ஹெச்ஓவில், கட்டி, கூரைக் கம்பி வரைக்கும் நுணுக்கமாக வேலை செய்கிறவர்கள் சரிபார்க்கக் கொண்டுவரும் மாடல்களில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கோளாறுகளைத்தான் பார்க்கிறேன். முக்கால்வாசிப் பேர் முதலில் மோட்டாரைத்தான் சந்தேகப்படுகிறார்கள், ஆனால் மோட்டார் கெட்டுப்போவது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் அழுக்கில் இருக்கும், அதில் இல்லையென்றால் நீங்கள் கடைசியாக ஒட்டிய பாகத்தில் இருக்கும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: கடைசியாக ஒழுங்காக ஓடிய பிறகு இதில் எதைச் சேர்த்தீர்கள், எதைக் கழற்றினீர்கள்?

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: மல்டிமீட்டர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, ட்வீசர், டிஜிட்டல் காலிப்பர், இரண்டு வயர் வைத்த ஒரு 9 வோல்ட் பேட்டரி, வளைவே இல்லாத ஒரு மீட்டர் நேர்ப்பாதை. மீட்டர், வயர், எல்இடி எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகவே கிடைக்கும். பார்க்கும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பாதை, சக்கரம், வயர், கியர், மோட்டார், டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சின்னச் சர்க்யூட்). கடைசி இரண்டுக்கும்தான் காசு அதிகம்.

அறிகுறி: இஞ்சின் அசையவே இல்லை

வேறு இஞ்சினும் ஓடவில்லை என்றால்

கோளாறு இஞ்சினில் இல்லை, மாடலைத் திறக்காதீர்கள். தண்டவாளத்தில் மீட்டரை வையுங்கள். டிசி (பாதையின் வோல்ட்டை ஏற்றி இறக்கி ஓட்டும் முறை) என்றால் கண்ட்ரோலரை முழுதாகத் திருப்பும்போது 12 வோல்ட் அருகில் காட்ட வேண்டும், டிசிசி (பாதை வழியே ஒவ்வொரு இஞ்சினுக்கும் தனிக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) என்றால் மீட்டரை ஏசி நிலைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். எதுவும் காட்டவில்லை என்றால் பாதை இணைப்புத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தகடு தளர்ந்து, அதற்குள் துருவோ பெயிண்டோ போயிருக்கும்.

மற்றதெல்லாம் ஓடுகிறது, இது மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால்

சக்கரத்தைத் துடைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். அப்போதும் இல்லையென்றால் மேல்கூட்டைக் கழற்றி, சக்கரத்துக்கும் மோட்டாருக்குப் போகும் வயருக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். கேபினுக்குள் இருக்கையும் டிரைவர் பொம்மையும் வைத்தவர்கள் முதலில் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். உள்ளே வைத்த பலகை கூட்டை மூடும்போது வயரை நசுக்குவது வாடிக்கை.

விளக்கு எரிகிறது, மோட்டார் மட்டும் சுழலவில்லை என்றால்

டிசி மாடலில் 9 வோல்ட் பேட்டரியை நேராக மோட்டார் முனைகளில் தொட்டுப் பாருங்கள். டிகோடர் இருந்தால் முதலில் அதன் மோட்டார் வயர்களைப் பிரித்துவிட்டுத்தான் பேட்டரி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிகோடர் போய்விடும். மோட்டார் சுழன்றால் அது நல்ல மோட்டார், கோளாறு வயரிலோ டிகோடரிலோ இருக்கிறது. டிகோடர் என்றால் கண்ட்ரோலரில் இஞ்சின் எண்ணை 3 ஆக்கி அழைத்துப் பாருங்கள், புது டிகோடரின் வழக்கமான எண் அதுதான். அதற்கும் பதில் இல்லையென்றால் ரீசெட் செய்யுங்கள். பல டிகோடர்களில் சிவி 8 என்ற அமைப்பில் 8 எழுதினால் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும், உங்களுடையது எப்படி என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால்

உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். பிடித்துக்கொண்ட மோட்டாரில் மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் சுருள் கருகும். ஃப்ளைவீலை (மோட்டார் அச்சில் இருக்கும் கனச் சக்கரம்) விரலால் சுற்றிப் பாருங்கள். கனமாக இருந்தால் அச்சில் முடி, நூல், காய்ந்துபோன கிரீஸ், இவற்றில் ஒன்று இருக்கும். நெடுநாள் அலமாரியில் இருந்த மாடலில் கிரீஸ் மெழுகாகியிருக்கும், ஆல்கஹாலில் கழுவி எடுத்துப் பிளாஸ்டிக்குக்கு ஆகும் கிரீஸைத் துளி வையுங்கள். அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெயை மட்டும் தொடாதீர்கள், குளிரில் உறையும், நாளடைவில் பிசினாகிவிடும்.

எப்போது நிறுத்துவது: பேட்டரி வைத்தும் மோட்டார் சுழலவில்லை, அச்சும் லேசாகத்தான் சுற்றுகிறது, மோட்டாரின் கரித்துண்டுகளும் (பிரஷ்) சரியாக இருக்கின்றன என்றால் மோட்டாரை மாற்ற வேண்டியதுதான். இந்த அளவு மோட்டாருக்கு மறுசுருள் கட்டக் கொடுப்பதில் பயன் இல்லை. மோட்டாரின் நீளம், அகலம், அச்சின் தடிமன் மூன்றையும் காலிப்பரில் அளந்து அதே அளவில் வாங்குங்கள்.

அறிகுறி: விட்டு விட்டு ஓடுகிறது, விளக்கு மினுக்குகிறது

அதிகம் வருவது இதுதான், சுலபமாகச் சரியாவதும் இதுதான்.

முதலில் பாதை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் படியும். ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் கறுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். அடுத்து சக்கரம். ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பாதைக்குக் குறுக்கே போட்டு ஆல்கஹால் விட்டு நனைத்து, ஒரு போகி (அச்சுகளைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டம்) காகிதத்தின் மேலும் மற்றது வெறும் பாதையிலும் நிற்கும்படி வைத்து, கூட்டைப் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டினால் காகிதத்தில் இரண்டு கறுப்புக் கோடு விழும். பிறகு திருப்பிவைத்து மற்ற போகிக்கும் அதே மாதிரி.

அதன் பிறகும் விட்டு விட்டு ஓடினால் சக்கரத்தின் பின்பக்கம் உரசும் வெண்கலத் தகடுகளைப் பாருங்கள். போகிக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பக்கச்சட்டத்துக்குச் சாம்பல் நிறமோ புழுதி நிறமோ தூவும்போது அந்தத் தூவல் தகட்டிலும் சக்கரத்தின் பின்புறமும் படிந்துவிடுகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு படிந்தாலும் போதும், தொடர்பு போய்விடும். ஆல்கஹாலில் கரையாத பெயிண்ட் என்றால் தகட்டை லேசாகச் சுரண்டுங்கள், தகடு வளைந்திருந்தால் சக்கரத்தைத் தொடும்படி மெதுவாக நிமிர்த்துங்கள். அழுத்தம் அதிகமானால் அதுவே பிரேக்காகிவிடும்.

குறிப்பிட்ட ஒரே இடத்தில் மட்டும் விக்குகிறதா? அது பாதையின் கோளாறு. பெரும்பாலும் பாயிண்ட்டின் (தடம் பிரியும் இடம்) ஃப்ராக்கில் (அங்கே தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் முனை) மின்சாரம் இருக்காது.

அறிகுறி: டிக் டிக் என்று தாளம் போடுகிறது, அல்லது மோட்டார் மட்டும் சுற்றுகிறது

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு டிக் வந்தால் அச்சில் இருக்கும் கியர் வெடித்திருக்கிறது. உலோக அச்சில் இறுக்கமாகச் செருகிய பிளாஸ்டிக் கியர் ஆண்டுகள் போகப் போக நீளவாக்கில் பிளக்கும், ஒரு பல் இடைவெளி விரிந்து அந்த இடத்தில் துள்ளும். போகியின் அடிமூடியைத் திறந்து ஒவ்வொரு அச்சாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். விரிசலை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினால் நிற்காது, ஒரு வாரம் ஓடும், பிறகு மறுபடி பிளந்து பக்கத்து கியரையும் கெடுக்கும். புது கியர்தான் வழி.

மோட்டார் சுற்றுகிறது, ஒரு போகி மட்டும் சும்மா நிற்கிறது என்றால் இணைப்புத் தண்டு கழன்றிருக்கும். செருகிவிட்டால் சரி. அடிக்கடி கழன்றால் மோட்டார் தன் இருக்கையில் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

எப்போது நிறுத்துவது: கியருக்கு உதிரி கிடைக்கவில்லை என்றால், நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் ஒன்றிரண்டு வெட்டிக் கொடுப்பார்கள். ஆனால் பல்லின் அளவு பிசகினால் உபயோகம் இல்லை, பழைய கியரைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ஆறு அச்சுக்கும் வெட்ட வேண்டும் என்றால் வேறு சேசிஸ் (மோட்டார், சக்கரங்களோடு கூடிய அடிப்பாகம்) வாங்குவதே மலிவு.

அறிகுறி: தடம் புரள்கிறது

ஒரே இடத்தில் புரண்டால்

பாதையைப் பாருங்கள். இணைப்பில் தண்டவாள முனை மேலேறியிருக்கும், அல்லது வளைவு கூர்மையாக இருக்கும். வாப்-4 நிஜத்தில் 18.79 மீட்டர், மாடலில் 216 மி.மீ. வாப்-7 இன்னும் நீளம், மாடலில் 236 மி.மீ. இரண்டுமே மூன்று அச்சுப் போகிகள். 18 அங்குல ஆரத்தில் மூச்சு முட்டித்தான் போகும், அதிலும் பஃபர், ஹோஸ், மாட்டுத்தடுப்பு எல்லாம் ஒட்டிய பிறகு. 22 அங்குலத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி.

எங்கே வேண்டுமானாலும் புரண்டால்

காலிப்பரை எடுங்கள். ஒவ்வொரு அச்சிலும் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே 14.4 முதல் 14.6 மி.மீ. வரை இருக்க வேண்டும். குறைந்தால் பாயிண்ட்டின் செக்ரெயிலில் (சக்கரத்தின் உள்முகத்தை வழிநடத்தும் துணைத் தண்டவாளம்) இடித்து ஏறும், கூடினால் ஃப்ராக்கின் நுனியில் இடிக்கும். அதே அச்சைச் சுற்றி மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், மூன்றும் வேறாக இருந்தால் சக்கரம் சாய்ந்திருக்கிறது.

ஒரு திசையில் மட்டும் புரண்டால்

முன்னால் போகும் போகிதான் காரணம். இங்கேதான் நுணுக்க வேலை நேராக ஓட்டத்தைக் கெடுக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் அகலப் பாதை 1676 மி.மீ., அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. நாம் ஓட்டுவதோ 16.5 மி.மீ. பாதையில். அதனால் போகியின் பக்கச்சட்டத்தை நிஜ அகலத்தில் ஒட்டினால் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெட்டவெளியாகத் தெரியும், அதை மறைக்கப் பிரேக் கட்டைகளையும் மணல் குழாய்களையும் உள்ளே தள்ளி ஒட்டுகிறோம். மேசைமேல் பார்க்க அழகாக இருக்கும். வளைவில் நடு அச்சு பக்கவாட்டில் நகர முயலும்போது பிரேக் கட்டை அதைத் தடுக்கும், சக்கரம் மேலேறும்.

சரிபார்க்கும் முறை: இஞ்சினைக் கவிழ்த்துப் போட்டு போகியை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள், பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஒரு மி.மீ. அளவு மேலே தூக்குங்கள். எங்காவது தட்டினால் அந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்த தடம் இருக்கும். மணல் குழாய் தண்டவாளத்துக்கு மேல் ஒரு மி.மீ. விட்டு நிற்க வேண்டும். மாட்டுத்தடுப்பைப் போகியில் ஒட்டாமல் கூட்டோடு ஒட்டியிருந்தால் போகி திரும்பும் இடம் முழுவதையும் பின்பக்கமிருந்து அரத்தால் தேய்த்து எடுங்கள், முன்னாலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. ஹோஸ்களுக்கு வார்ப்புப் பிளாஸ்டிக்கை விட மெல்லிய ரப்பர் உறை போட்ட வயர் நல்லது, இடித்தாலும் வளைந்துகொடுக்கும்.

அமெரிக்க டீசல் சேசிஸ் மேல் வாப்-4 கூடு போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வாப்-4 சக்கரம் 1092 மி.மீ., மாடலில் 12.5. அமெரிக்க இஞ்சின்களின் 40 அங்குலச் சக்கரம் மாடலில் 11.7 தான். பெரிய சக்கரம் மாற்றினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஃப்ளாஞ்ச் (சக்கரத்தின் புடைத்த விளிம்பு) கூட்டின் அடியில் உரசுகிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

எப்போது நிறுத்துவது: சக்கரம் அச்சில் சாய்ந்து நின்றால் கையால் நிமிர்த்த முடியாது. லேத்தில் பிடித்துப் பார்ப்பவரிடம் கொடுங்கள், அல்லது அச்சோடு சேர்த்துப் புதிதாக வாங்குங்கள்.

அறிகுறி: பேண்டோ சொன்னபடி கேட்கவில்லை

மின்சார இஞ்சின் மாடலின் முகமே, கூரைமேல் நின்று மேல்கம்பியைத் தொடும் பேண்டோதான், அதனால் இதில் அவசரமே கூடாது.

மேலே நிற்காமல் விழுகிறது: பெயிண்ட்டைப் பாருங்கள். முழுதாகப் பூட்டிய பேண்டோவுக்கு ஸ்பிரே அடித்தால் மூட்டுகளில் பெயிண்ட் புகுந்து ஒட்டிக்கொள்ளும். ஊசி முனையில் தின்னர் தொட்டு ஒவ்வொரு மூட்டிலும் வைத்து, மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். அதன் பிறகும் விழுந்தால் ஸ்பிரிங்கின் கொக்கி கழன்றிருக்கும், அல்லது இழுவை போயிருக்கும். அடுத்த முறை பெயிண்டுக்குப் பதில் பித்தளையைக் கறுப்பாக்கும் திரவம் போடுங்கள், மூட்டு ஒட்டாது.

ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகிறது: அடிச்சட்டம் கூரையில் சமமாக உட்காரவில்லை. திருகைத் தளர்த்துங்கள், நேரானால் காரணம் கூரை. கூரையைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள், பேண்டோவின் கையை வளைக்காதீர்கள்.

மேல்கம்பியில் மாட்டுகிறது: கம்பி உயரத்தை அளந்து பாருங்கள். நம் ரயில்வேயில் கம்பி வழக்கமாக 5.6 மீட்டர் உயரம், மாடலில் 64 மி.மீ. அதை விட அதிகமாக ஏற்றக்கூடாது. நேர்ப்பாதையில் கம்பி இரு பக்கமும் 200 மி.மீ. விலகி வளைந்து வளைந்து போகும், மாடலில் அது 2.3 மி.மீ. வளைவில் கம்பம் குறைவாக நட்டால் கம்பி பேண்டோத் தலைக்கு வெளியே போய்விடும், அங்கே கம்பம் ஒன்று கூடுதலாக நடுவதுதான் தீர்வு. கம்பி முடியும் இடங்களில் பேண்டோ திடீரென்று துள்ளி எழுந்து குகை வாயிலில் மாட்டும். அதற்குப் பேண்டோவின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கறுப்பு நூல் கட்டி எழும்பும் உயரத்தைக் கட்டுப்படுத்தலாம். கம்பி மேலே தூக்கப்படுவது கண்ணுக்குத் தெரிந்தால் ஸ்பிரிங் இறுக்கம் அதிகம்.

நிஜத்தில் வழக்கமாகப் பின்பக்கப் பேண்டோவைத்தான் தூக்குகிறார்கள், முன்னது உடைந்து சிதறினால் பின்னதும் கூரையும் சேர்ந்து கெடும் என்பதால். மாடலிலும் அதையே பின்பற்றுங்கள், பார்க்கவும் சரியாக இருக்கும்.

பேண்டோ தூக்கினால் ஷார்ட் ஆகிறது: உங்கள் மேல்கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா, இல்லை வெறும் அலங்காரமா? அலங்காரம் என்றால் ஷார்ட்டுக்கு வழியே இல்லை, வேறெங்காவது தேடுங்கள். மின்சாரம் ஓடுகிறது என்றால் கூரைக் கம்பிகளைச் சந்தேகப்படுங்கள். 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியில் கூரை இணைப்பு வளைத்து, இன்சுலேட்டர்களும் பித்தளை வார்ப்பாகவே வாங்கி, அடியில் பித்தளைக் கூரை என்றால் எல்லாம் ஒரே உலோகமாகிவிடுகிறது. இன்சுலேட்டரின் அடியில் பிளாஸ்டிக் வளையம் வைத்து மறுபடி ஒட்டுங்கள். பேண்டோ திருகுக்கு நைலான் திருகு போடுங்கள்.

எப்போது நிறுத்துவது: பேண்டோவின் கை முறிந்தால் ஃபெவிக்விக் தாங்காது, வெள்ளி சால்டர் தேவைப்படும். உங்கள் ஊர் நகைப் பட்டறை ஆசாரிக்கு இது கைவந்த வேலை, ஆனால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், சூட்டில் அதன் இழுவை செத்துவிடும். மூட்டே உடைந்திருந்தால் புதிது வாங்குங்கள். ஜெர்மனியின் சோமர்ஃபெல்ட் பேண்டோக்களைத் தனியாகவே விற்கிறது.

அறிகுறி: பாயிண்ட்டைக் கடக்கும்போது மட்டும் ஷார்ட்

ஃப்ராக்கின் நுனியில் எதிரெதிர் தண்டவாளங்கள் நெருங்கி நிற்கும், அகலமான சக்கரம் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடும். அந்த நுனியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு போதும். தேயத் தேய மறுபடி பூச வேண்டும், அவ்வளவுதான். சக்கர இடைவெளி 14.4-க்குக் கீழே இருந்தாலும் இதே அறிகுறி வரும், அதையும் அளந்துவிடுங்கள்.

அறிகுறி: பெட்டிகள் கழன்றுகொள்கின்றன

முக்கால்வாசி நேரம் உயரக் கோளாறுதான். நம் அகலப் பாதை வண்டிகளில் பஃபர் மையம் 1030 முதல் 1105 மி.மீ. வரை, மாடலில் 11.8 முதல் 12.7. அமெரிக்க மாடல்களின் கப்ளர் (பெட்டிகளைக் கோக்கும் கொக்கி) 10 மி.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கும். இஞ்சினில் நிஜ உயரத்தில் கப்ளரைப் பூட்டிவிட்டு, பெட்டிகளில் வாங்கியபடியே விட்டால் இணையவே இணையாது. எல்லா வண்டிக்கும் ஒரே உயரம் என்று முடிவெடுத்து, ஒரு மரக்கட்டையில் அந்த உயரத்துக்கு ஒரு கப்ளரைப் பூட்டிவைத்து எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடுங்கள். உயரம் சரியாக இருந்தும் வளைவில் கழன்றால் ஹோஸ் கப்ளரைத் தள்ளுகிறது.

அறிகுறி: நன்றாக ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை

கேபின் உள்ளமைப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடம் வேண்டும் என்று எடையை வெட்டி எடுத்தீர்களா? எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும். டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் எடைப்பட்டை சின்னச் சின்னத் துண்டாகக் கிடைக்கும், கூரைக்கு அடியில் இரண்டு போகிகளுக்கும் சமமாக ஒட்டுங்கள். ரப்பர் டயர் போட்ட சக்கரம் இருந்தால் அது பளபளப்பாகக் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், மாற்றுவது மலிவு.

அறிகுறி: பெயிண்ட்டும் டெக்காலும்

மேற்பரப்பு பால் போல வெளிறுகிறது: ஈரப்பதம். ஐப்பசி கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் லாக்கர் பெயிண்ட் அடித்தால் இப்படித்தான் ஆகும். காய்ந்த நாளில் அதே லாக்கரின் தின்னரை மிக மெல்லிய தூவலாக ஒரு முறை விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நாள் கணக்கில் பிசுபிசுப்பு: கூடு ரெசின் 3டி பிரிண்ட்டாக இருந்தால் உள்ளே முழுதாக இறுகவில்லை. மேலே எத்தனை கோட்டிங் போட்டாலும் பயனில்லை, எல்லாவற்றையும் எடுத்து ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலரவிட்டு, இளவெயிலில் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். உச்சி வெயிலில் வைத்தால் கூடு வளையும். பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் எடுத்த பிரிண்ட் என்றால் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பிளாஸ்டிக் இளகிச் சுருங்குகிறது: ஹார்ட்வேர் கடை என்சி தின்னர். ஸ்டைரீனை அது தின்றுவிடும். கரைந்த இடத்தைப் புட்டி வைத்துத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை.

பட்டையின் ஓரம் கசிகிறது: வாப்-7-இன் வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை போடும்போது இது வெளிப்படையாகத் தெரியும். வெள்ளையை முதலில் அடித்து ஓரிரு நாள் நன்றாகக் காயவிட்டு, டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தில் மறுபடி வெள்ளையையே மெல்லிசாகத் தூவிவிட்டு அதன் பிறகு சிவப்பு அடியுங்கள். கசிவது வெள்ளையாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

டெக்காலின் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படம்) அடியில் வெள்ளி மினுமினுப்பு: மேட் பரப்பில் ஒட்டியதால் அடியில் காற்று தங்கிவிட்டது. 22 என்று தொடங்கும் வாப்-4 எண்ணையும் ஈரோடு, அரக்கோணம் என்ற ஷெட் பெயரையும் ஒட்டும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட்டிங் அவசியம். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள் என்றால் மெல்லிய ஊசியால் அங்கங்கே குத்தி, டெக்கால் இளக்கும் திரவம் விட்டு ஈரப் பஞ்சால் அழுத்துங்கள். காற்றுத் துளை வரிகளின் மேல் ஒட்டியதற்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

கண்ணாடி மங்குகிறது: ஃபெவிக்விக்கின் ஆவி. ஜன்னலுக்கு ஃபெவிகால்தான், காய்ந்ததும் தெளிவாகிவிடும்.

எப்போது நிறுத்துவது: மூன்றாவது முறை உரித்து அடிக்க வேண்டிய நிலை வந்தால் ஏர்பிரஷ் கையில் பழகியவரிடம் கொடுங்கள். பைக் டேங்க் பெயிண்டரிடம் கொடுக்காதீர்கள், அவருடைய கோட்டிங் தடிமனில் ரிவெட்டும் கதவு விளிம்பும் மூழ்கிவிடும்.

அறிகுறி: விளக்குகள்

எரியவே இல்லை என்றால் எல்இடியைத் திருப்பி இணைத்துப் பாருங்கள். ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணைந்தால் ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்திருக்கிறீர்கள், எல்இடி போய்விட்டது. புதியதற்கு 1 கிலோ ஓமில் ஆரம்பித்து, வெளிச்சம் அதிகம் என்றால் 4.7 கிலோ ஓம் வரை ஏற்றுங்கள். முகப்பு விளக்கின் வெளிச்சம் கூட்டின் வழியே ஒளிர்ந்தால் உட்புறம் கறுப்பு அடித்து அதன் மேல் வெள்ளை அடியுங்கள். முன்னும் பின்னும் விளக்கு மாறி எரிந்தால் டிசியில் எல்இடி வயர்களையும், டிசிசியில் டிகோடரின் வெள்ளை, மஞ்சள் வயர்களையும் இடம் மாற்றுங்கள்.

புது டிகோடர் பூட்டும்போது மோட்டாரின் இரண்டு முனைகளும் சேசிஸைத் தொடவில்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகே பாதையில் வையுங்கள். ஒரு முனை தொட்டாலும் டிகோடர் கருகிவிடும். மோட்டாரைச் சேசிஸிலிருந்து பிரிக்கத் தெரியவில்லை என்றால், அல்லது சவுண்ட் டிகோடரின் விலை இன்னொரு முறை கொடுக்க முடியாததாக இருந்தால், அந்த வேலையை முதலிலேயே டிசிசி தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.